தூர்ந்த தடாகம்

கிணற்றைத் தூர்ப்பது பாவம் என்பது எங்கள் ஊரிலே சிறு பிள்ளையும் அறிந்த கொள்கை. ஆறு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கி நிற்கும் மழைநீரே மக்களுக்கு உயிர். அந்நீரை எட்டுவதற்கு முன்னோர் வெட்டிய கிணற்றை மண்ணிட்டு மூடுபவன் தன் சந்ததியின் வாயிலே மண் போடுகின்றான் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அத்தகைய ஊரிலே பிறந்த ஒருவரின் மகனாகிய நான், என் தந்தையார் தாமே அளவு குறித்துக் கட்டுவித்த ஒரு நீச்சல் தடாகத்தை 2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே தூர்த்து முடித்தேன். அது பாவமா, அன்றா என்ற கேள்வி அன்று தொடக்கம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்கு விடை காணும் நோக்கத்தோடே இதனை எழுதுகின்றேன். வளவின் பின்புறத்தில் பழைய தடாகம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதனை என்ன செய்வது என்று அறியாது இருக்கும் அன்பர் எவருக்கேனும் பயன்படக்கூடிய சில செய்திகளும் இதனூடே வந்து சேரும்.

தந்தையார் கட்டிய தடாகம்

என் தந்தையார் வல்வெட்டித்துறையிலே பிறந்தவர். அது கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த கதையை எங்கள் வீட்டிலே எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. தந்தையார் கப்பலோடவில்லை, படித்து, கொழும்புத் துறைமுகத்திலே உத்தியோகம் பெற்று, வெள்ளவத்தையிலே கால்வாய்க்கு அண்மையில் ஒரு வளவு வாங்கி வீடு கட்டினார். ஆயினும் கடல் அவரை விட்டுப் போகவில்லை. 1954 ஆம் ஆண்டிலே தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த செய்தியைத் தாங்கிய பத்திரிகைத் துண்டு அவருடைய மேசைக் கண்ணாடியின் கீழே பல ஆண்டுகள் கிடந்தது.

தீவிலே பிறந்தவன் நீந்தத் தெரியாமல் இருத்தல், வீட்டிலே பிறந்தவன் படியிறங்கத் தெரியாமல் இருப்பதற்கு ஒப்பாகும் என்பார். இந்தக் கொள்கையின் பலனாகவே 1966 ஆம் ஆண்டிலே எங்கள் பின்வளவில் அத்தடாகம் எழுந்தது. செல்வர் வீட்டு அலங்காரத் தடாகம் அன்று அது. 30 அடி நீளம். 15 அடி அகலம். ஒரு தலைப்பில் 3 அடி ஆழம், மறு தலைப்பில் 6 அடி ஆழம். அடித்தளம் அரை அடிக் கொங்கிறீற்று. ஓரத்திலே ஆழத்தைக் குறிக்கும் இரண்டு வெள்ளை ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒன்றிலே 3 என்றும் மற்றதிலே 6 என்றும் நீல எழுத்தில் இருக்கும். மூன்றிலிருந்து ஆறுக்குப் போவதே எங்கள் இளமையின் பெரும் பிரயாணம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலே எங்கள் ஒழுங்கையின் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே கூடுவர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் என்ற பேதம் அத்தண்ணீருக்கு இல்லை. தந்தையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றடித் தலைப்பில் இறங்கி நின்று, பிள்ளைகளின் வயிற்றின் கீழே உள்ளங்கையை வைத்து, "காலை அடி, காலை அடி" என்பார். எந்தக் கணத்திலே அக்கை விலகியது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அடுத்த வீட்டுச் சிங்களப் பையனும் அவ்வாறே நீந்தப் பழகினான். அவன் என்னிலும் மூன்று வயது இளையவன். தந்தையாரை மாமா என்றும் என்னை அண்ணா என்றும் அழைப்பான். அவனைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கின்றது.

1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தின் இறுதி வாரத்திலே எங்கள் வீடும் தாக்கப்பட்டது. நாங்கள் அடுத்த வீட்டாரின் களஞ்சிய அறையிலே இரவைக் கழித்தோம். வந்தவர்கள் கதிரை மேசைகளையும், தந்தையாரின் புத்தக அலுமாரியையும் அத்தடாகத்தினுள்ளே வீசிவிட்டு முன்னறைக்குத் தீ வைத்துச் சென்றார்கள். சில நாட்களின் பின் நாங்கள் கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தோம். அடுத்த வீட்டு அம்மையார் தடாகத்திலே மிதந்த புத்தகங்களை எடுத்து, தம் விறாந்தையிலே தாள் தாளாக விரித்து உலர்த்தி, ஆறு மாதங்களின் பின் ஒரு பெட்டியிலே கட்டி எங்களுக்கு அனுப்பினார். நீரூறித் தடித்த தாள்களோடு அவற்றுட் சில இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன. தந்தையார் அப்பெட்டியைத் திறந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னர் அவர் தடாகத்தைப் பற்றி ஒரு வார்த்தைதானும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 1994 ஆம் ஆண்டிலே ஊரிலேயே காலமானார்.

பச்சை நீர்

வீடு திருத்தப்பட்டு நெடுங்காலம் வாடகைக்கு இருந்தது. ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறி 2017 ஆம் ஆண்டிலே நான் அங்கே திரும்பி வந்தபோது, தடாகம் பாசி பிடித்த பச்சை நீரோடு கிடந்தது. தென்னோலையும் மாவிலையும் மக்கிக் கீழே ஒரு முழத்துக்குச் சேறு. நீரைச் சுத்திகரித்த இயந்திரம் துருப்பிடித்துப் போயிருந்தது.

அந்த 2017 ஆம் ஆண்டை இலங்கையர் எளிதில் மறக்கமாட்டார்கள். ஒரே ஆண்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் எனப் பதிவாகியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்தார். எங்கள் தடாகத்தை எட்டிப் பார்த்த அவருடைய முகம் கறுத்தது. டெங்குவைப் பரப்பும் நுளம்பு தன் முட்டைகளை நீரின் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரச் சுவரிலே ஒட்டி வைக்கின்றது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்து அவற்றைத் தொட்டவுடன் குடம்பிகள் வெளிப்படும். ஒரு வாரம் அல்லது பத்து நாட்களிலே அவை நுளம்பாகிப் பறக்கும். ஆகவே நீரை இறைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. சுவரையும் உரஞ்சித் தேய்த்தல் வேண்டும். பரிசோதகரின் சொற்படி சுவரைத் தேய்த்து, குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன்களை வாங்கி விட்டேன். மீன்கள் பெருகின, நுளம்பு குறைந்தது. அத்துடன் என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

2022 ஆம் ஆண்டிலே ஒரு மாலைப்பொழுது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர்களின் நான்கு வயதுக் குழந்தை பந்தைத் தேடிப் பின்வளவுக்குப் போனது. தாய் சத்தமிட்டபோது நான் ஓடினேன். பச்சை நீரிலே பந்து மிதந்தது, குழந்தையைக் காணவில்லை. நீருள்ளே ஒரு சாண் ஆழத்துக்கு மேல் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. நான் கரையில் நின்று தடுமாறிய அந்தக் கணத்திலே, மதிலுக்கு மேலாக ஏறிக் குதித்த ஒருவர் உடுத்த உடையோடு ஆறடித் தலைப்பிலே பாய்ந்தார். மூழ்கித் தடவி, இரண்டாம் முறை மேலே வந்தபோது குழந்தை அவர் கையில் இருந்தது. அவர் வேறு யாருமல்லர். தந்தையாரின் உள்ளங்கையிலே நீந்தப் பழகிய அடுத்த வீட்டுப் பையன்தான். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது.

குழந்தை பிழைத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு படியிலே அமர்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "அண்ணா, மாமா இருந்திருந்தால் இந்தத் தண்ணீரை இப்படி விட்டிருக்கமாட்டார்" என்றார். கடிந்து சொல்லவில்லை, மெதுவாகவே சொன்னார். அதனாலேதான் அது என்னைச் சுட்டது.

திருத்திப் பழையபடி பிள்ளைகளை நீந்தச் செய்யலாகாதா என்று கேட்பீர்கள். நானும் அதனை எண்ணிப் பார்த்தேன். தடாகம் என்பது கட்டி முடித்தவுடன் முடிந்துபோகும் காரியமன்று. நாள்தோறும் நீரை வடிகட்டல் வேண்டும்; குளோரின் அளவைப் பார்த்தல் வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, நீரருகே எப்பொழுதும் கண்விழித்திருக்கும் ஒருவர் வேண்டும். தந்தையாருக்கு முப்பது பிள்ளைகள் வந்தார்கள். அவர் கண்ணிமையாது நின்றார். எனக்கோ பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றார்கள், கண்ணிலே புரை. காவல் இல்லாத நீரை வைத்திருக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

மிதந்த தொட்டி

முடிவு நல்லது; அவசரந்தான் கெட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஒப்பந்தகாரர் ஒருவரை அழைத்தேன். மூன்று நாளில் வேலையை முடித்துத் தருவதாகக் கூறினார். நீரை இறைத்து, கட்டிட இடிபாடுகளை இரண்டு லொறியிலே கொண்டுவந்து கொட்டி, மேலே ஓரடி மண் பரப்பினால் சரி என்றார். அடித்தளத்தை உடைக்க வேண்டியதில்லையா என்று கேட்டேன். "மண்ணுக்குக் கீழே இருப்பதை யார் சேர் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

ஒரு பகலும் ஒரு மாலையும் இயந்திரம் ஓடித் தடாகம் வெறுமையாயிற்று. அன்றிரவு கொழும்பிலே ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. விடியற்காலை நான் பின்வளவுக்குப் போனபோது, ஆறடித் தலைப்பின் விளிம்புக்கல் பக்கத்துத் தளத்தை விட இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது. சுவரிலே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. ஐம்பத்தாறு ஆண்டுகள் அசையாது கிடந்த கட்டிடம் ஓர் இரவிலே எழும்பிவிட்டது!

ஒப்பந்தகாரர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மண்ணைக் கொட்டினால் அமர்ந்துவிடும் என்றார். நான் வேலையை நிறுத்தினேன். அவர் முற்பணத்தோடு போனார். அதன் பின்னரே, மலையகத்திலே பிறந்து கொழும்பிலே நாற்பது ஆண்டுகள் கட்டிட வேலை செய்த ஒரு முதிய மேசனை நண்பர் ஒருவர் அழைத்து வந்தார். அவர் விளிம்புக்கல்லைத் தடவிப் பார்த்தார், கால்வாய் இருக்கும் திசையைப் பார்த்தார், பின்னர் சிரித்தார்.

"ஐயா, இது தொட்டி இல்லீங்க, கப்பலுங்க. தண்ணி உள்ளுக்க இருந்தாத்தான் இது தரையில நிக்கும். உள்ளுக்க இருந்தத எறைச்சிட்டீங்க, வெளிய இருக்கிறது தூக்கிருச்சி."

கப்பல் கட்டிய ஊரவரின் மகனுக்கு இதனை ஒரு மேசன் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாரிகாலத்தில் எங்கள் வளவிலே இரண்டடி தோண்டினால் நீர் ஊறும். ஆறடித் தலைப்பின் அடித்தளமோ, அதன் கொங்கிறீற்றையும் சேர்த்து, நிலமட்டத்திலிருந்து ஆறரை அடி கீழே உள்ளது. எனவே நாலரை அடி உயர நீரின் அழுத்தம் அதனைக் கீழிருந்து மேலே தள்ளுகின்றது. ஒரு கன அடி நீரின் நிறை ஏறக்குறைய 62 இறாத்தல். ஆகவே ஒவ்வொரு சதுர அடியையும் ஏறத்தாழ 280 இறாத்தல் மேலே உந்துகின்றது. அரை அடிக் கொங்கிறீற்றின் நிறையோ சதுர அடிக்கு 75 இறாத்தல் மாத்திரமே. தடாகம் நிறைந்திருந்த காலத்தில், உள்ளே நின்ற ஆறடி நீரும் சதுர அடிக்கு 370 இறாத்தலுக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தது. அதனாலே கட்டிடம் அமைதியாக இருந்தது. நாம் அந்தப் பாரத்தை நீக்கினோம். நிலத்தடி நீர் தன் வேலையைச் செய்தது.

"இப்ப என்ன செய்யிறது, பாஸ்?" என்று கேட்டேன்.

"திரும்பத் தண்ணிய விடுங்க. மீனையும் விடுங்க. மாசி மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க. தண்ணிக்குக் கீழ வழி திறந்து விட்டப் பொறகுதான் மேல மண்ணு போடலாம்."

முன்னோர் அறிந்த வழி

தண்ணீருக்கு வழி விடுதல் என்ற அச்சொல் என்னை அநுராதபுரத்துக்கு இட்டுச் சென்றது. மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்ற காலங்களில் அங்குள்ள குட்டம் பொக்குண என்னும் இரட்டைப் பொய்கையைப் பல முறை பார்த்திருக்கின்றேன். பெரியது 132 அடி நீளம். சிறியது 91 அடி நீளம். நீர் நேராகப் பொய்கைக்குள் விழுவதில்லை. நிலத்தடிக் குழாய்வழியே வந்து, மண்ணும் மணலும் படிவதற்காக அமைக்கப்பட்ட சிறு தொட்டியிலே தங்கித் தெளிந்த பின்னரே பொய்கையை அடைகின்றது. இன்னும் பழையது சிந்துவெளியின் மொகெஞ்சதாரோவிலே 1920களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளம். ஏறத்தாழ 39 அடி நீளமும், 23 அடி அகலமும், 8 அடி ஆழமும் உடையது. செங்கற் சுவரின் இடையே நிலக்கீல் பூசி நீர் கசியாது தடுத்தவர்கள், நீரை வெளியேற்றுவதற்கு ஆள் உயரமான வடிகாலொன்றையும் கட்டி வைத்தார்கள்.

நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவர்கள், நீரைப் பிடித்து வைக்கும்போதே அது போகும் வழியையும் உடன் நினைத்தார்கள். அன்றியும், இவ்விரண்டும் நமக்குக் கிடைத்திருப்பது பல நூற்றாண்டுகள் மண்ணாலே மூடுண்டு கிடந்தமையாலன்றோ! மண் மூடுதல் அழிவு ஆகாது; சில வேளைகளில் அதுவே காப்பு என்பதையும் அவை உணர்த்துகின்றன. இந்த எண்ணம் எனக்குச் சிறிது ஆறுதல் தந்தது.

அடியைத் திறந்த நாள்

பெப்ரவரி மாதம் வந்தது. கொழும்பிலே மழை ஓய்ந்து, நிலத்தடி நீரும் ஐந்தடி ஆழத்துக்குத் தாழ்ந்துவிட்டது. முதலிலே மீன்களைப் பிடித்தோம். அடுத்த வீட்டுக்காரரின் பேத்தியும் அவளுடைய தோழிகளும் வாளிகளோடு வந்து, அவற்றைத் தத்தம் வீட்டுத் தொட்டிகளுக்குக் கொண்டு போனார்கள். பின்னர் நீரை இறைத்தோம். தடாகத்தின் கொள்ளளவு 2,025 கன அடி. ஏறக்குறைய 12,600 கலன். நிறையிலே 56 தொன். அதனை அயலவர் வளவுக்குள் பாயவிடாமலும், வீதி வடிகால் பெருகாமலும், இரண்டு நாட்களாக மெல்ல மெல்ல வெளியேற்றினோம். குளோரின் இட்ட தடாகமாயின், மருந்திடுவதை நிறுத்திச் சில நாட்கள் வெயிலிலே விட்ட பின்னரே நீரை வெளிவிடல் வேண்டும். இல்லையேல் கால்வாயிலுள்ள மீன்களுக்குத் தீங்கு நேரும்.

சேற்றை அள்ளியபின், மேசன் அடித்தளத்திலே கரித்துண்டினால் பன்னிரண்டு சதுரங்களைக் கீறினார். ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். ஆழமான தலைப்பிலே நெருக்கமாகவும் மற்றப் பக்கத்திலே ஐதாகவும் அவை அமைந்தன. அலவாங்கும் சம்மட்டியும் ஒலிக்கத் தொடங்கின. நான் கரையில் நின்றேன். ஒவ்வோர் அடியும் தந்தையாரின் மேல் விழுவது போல இருந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

ஆறடித் தலைப்பின் முதற்சதுரம் உடைந்தது. கம்பிகளை அறுத்துக் கொங்கிறீற்றுத் துண்டை எடுத்தவுடன், கீழிருந்து தெளிந்த நீர் கொப்புளித்து எழுந்தது. மெல்லப் பரவி, ஓரடி உயரத்துக்கு வந்து நின்றது. அதன் மேல் உயரவில்லை. நான் படியிறங்கிப் போய் அதிலே கையை வைத்தேன். குளிர்ந்த நீர், கிணற்று நீர். ஐம்பத்தேழு ஆண்டுகளாக இந்நீர் கீழே நின்றது. நாங்கள் நீந்திய நீர் மேலே நின்றது. இரண்டுக்கும் இடையே இருந்தது அரை அடிக் கொங்கிறீற்று மாத்திரமே. அன்றுதான் அவை ஒன்றையொன்று கண்டன.

அந்த வேளையிலேதான் என் கேள்விக்கு விடையும் கிடைத்தது. கிணறு நிலத்தோடு பேசுவது. மழைநீரை வாங்கி மனிதருக்குக் கொடுப்பது. அதனைத் தூர்ப்பவன் நிலத்தின் வாயை அடைக்கின்றான். எங்கள் தடாகமோ நிலத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட நீர். அதன் அடியைத் திறந்து மண்ணிட்டால், 450 சதுர அடி நிலம் மீண்டும் மழையைக் குடிக்கும். அடியைத் திறவாது மண்ணிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சேற்றுக் கிண்ணத்தை நிலத்துள்ளே புதைத்தவனாவேன். மழை தோறும் அது நிரம்பும். மேலே நிற்கும் மரம் வேர் அழுகும். நிலம் பதம் கெட்டு அமிழும். பாவம் தூர்ப்பதிலே இல்லை. எப்படித் தூர்க்கின்றோம் என்பதிலேதான் இருக்கின்றது.

மண்ணின் கணக்கு

எஞ்சிய வேலையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். சுவர்களின் மேற்பகுதியை இரண்டடி ஆழத்துக்கு உடைத்து அகற்றினோம். இல்லையேல் பிற்காலத்திலே மண்வெட்டி வைக்கும் இடமெல்லாம் கல்லிலே படும். விளிம்புக்கற்களோடு சேர்த்து அவ்விடிபாடு ஏறக்குறைய இரண்டு கியூப் இருந்தது. (நூறு கன அடியை ஒரு கியூப் என்று கட்டிட வேலைக்காரர் வழங்குவர்.) பன்னிரண்டு துளைகளையும் சல்லிக்கல்லால் நிரப்பி, மண் இறங்கி அடைக்காதவாறு செய்த பின், அவ்விடிபாட்டைச் சிறு துண்டுகளாக்கி ஆழமான தலைப்பிலே பரப்பினோம். துண்டுகளுக்கு இடையே வெற்றிடம் இருத்தலாகாது. மரத்துண்டையோ, பொலித்தீனையோ, குப்பையையோ போடலாகாது. மக்கிப் போகும் பொருள் எதுவும் பின்னாளிலே ஒரு பள்ளமாகிவிடும்.

அதன்மேல் கிறவல் மண். எட்டு அங்குலத்துக்கு ஒரு படையாகப் பரப்பி, சிறிது நீர் தெளித்து, அதிர்ந்து இடிக்கும் இயந்திரத்தால் ஒவ்வொரு படையையும் இறுக்கினோம். ஒப்பந்தகாரர் சொன்னவாறு எல்லாவற்றையும் ஒரே நாளிலே கொட்டியிருந்தால், மேற்பரப்பு மாத்திரம் இறுகும். உள்ளே மண் பஞ்சு போலக் கிடந்து ஆண்டுகள் தோறும் அமரும். நிலமட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே கிறவலை நிறுத்தி, எஞ்சியதை நல்ல தோட்டமண்ணால் நிரப்பினோம். இறுகும்போது மண்ணின் கனவளவு குறையுமாதலால், குழியின் அளவை விடக் கூடுதலாகவே மண் வேண்டும். கிறவல் 15 கியூப், தோட்டமண் 8 கியூப், ஆக 23 கியூப் மண் ஒழுங்கையூடாகச் சிறிய லொறியிலே பன்னிரண்டு நடையாக வந்து சேர்ந்தது. மழைநீர் வழிந்தோடும்படி நடுவைச் சற்று உயர்த்தி முடித்தோம். எல்லாமாகப் பதினேழு நாட்கள்.

சுவரை உடைப்பதற்கு முன், அடுத்த வீட்டுக்காரர் மதிலருகே வந்து நின்றார். "அண்ணா, ஒன்று கேட்கலாமா? அந்த ஆறாம் இலக்க ஓடு எனக்கு வேண்டும்" என்றார். மேசன் அதனை உளியால் மெல்லச் செதுக்கி, விளிம்பு உடையாமல் எடுத்துக் கொடுத்தார். அவர் அதனைத் தம் சேட்டினால் துடைத்துக்கொண்டு போனார். மூன்றாம் இலக்க ஓடு என் மேசையில் இருக்கின்றது.

உறுதியோடு ஒரு தாள்

வேலை முடிந்த வாரத்திலே வீட்டுத் தரகர் ஒருவர் வந்தார். வெள்ளவத்தையிலே இப்பொழுது தனி வீடு அருகி, தொடர்மாடிகள் நெருங்கிவிட்டன. எங்கள் வளவின் மேலும் பலருக்குக் கண். புதுமண்ணைப் பார்த்த அவர், "நல்ல காரியம் செய்தீர்கள். விற்கும்போது இங்கே தடாகம் இருந்தது என்று வாய் திறக்க வேண்டாம். விலை விழுந்துவிடும்" என்று எனக்கு அன்போடு புத்தி சொன்னார்.

மண்ணுக்குக் கீழே இருப்பதை யார் பார்க்கப் போகின்றார்கள் என்று முன்பு ஒருவர் கேட்டதும், இவர் இப்பொழுது சொன்னதும் ஒன்றே. எவ்வளவு இறுக்கினாலும் தூர்த்த நிலம் பழைய நிலத்துக்கு ஈடாகாது. அதன்மேல் அத்திவாரம் இட விரும்புபவன், அங்கே மண் எத்தனை அடி ஆழம், சுவர் எங்கே நிற்கின்றது, அடித்தளம் எங்கே உடைந்திருக்கின்றது என்பவற்றை அறிதல் வேண்டும். அறியாமற் கட்டினால், வீட்டின் ஒரு பாதி கன்னிநிலத்திலும் மறுபாதி தூர்த்த மண்ணிலுமாக நின்று சுவர் வெடிக்கும். அப்போது அங்கே படுத்துறங்கும் குழந்தை யாருடையதாயினும் அது ஒரு குழந்தையன்றோ?

ஆகவே ஒரு தாளிலே வளவின் படத்தை வரைந்தேன். மேற்கு மதிலிலிருந்தும் தெற்கு மதிலிலிருந்தும் தடாகத்தின் நான்கு மூலைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்தேன். ஆழம், துளைகளின் இடம், இட்ட மண்ணின் வகை, தூர்த்த திகதி ஆகியவற்றை எழுதினேன். வேலை நடந்த நாட்களிலே எடுத்த நிழற்படங்களையும் சேர்த்து, காணி உறுதியோடு வைத்துக் கட்டினேன். பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். படத்தின் கீழே, இத்தடாகம் 1966 ஆம் ஆண்டிலே இன்னாரால் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதற்காகக் கட்டப்பட்டது என்றும் ஒரு வரி சேர்த்தேன். பொறியியலாளருக்கு அவ்வரி வேண்டியதில்லை, எனக்கு வேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஐப்பசியிலே மழை பிடித்தது. முதல் இரவு நான் உறங்கவில்லை. விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். ஒழுங்கையிலே முழங்கால் அளவு வெள்ளம். தூர்த்த நிலத்திலே ஒரு கையளவு நீர்தானும் தேங்கி நிற்கவில்லை. மழை முடிந்தபோது ஆழமான தலைப்பிருந்த பக்கம் சிறிது தாழ்ந்திருந்தது. அப்படித் தாழும் என்று மேசன் முன்னரே சொல்லியிருந்தார். இன்னும் ஒரு கியூப் மண் வருவித்துப் போட்டு, அவ்விடத்திலே நான்கு வாழைக்குட்டிகளை நட்டேன்.

அடுத்த வீட்டுக்காரர் இப்பொழுது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தம் பேத்தியையும், அன்று பிழைத்த அந்தக் குழந்தையையும் பொதுத் தடாகமொன்றுக்கு அழைத்துச் செல்கின்றார். ஒரு நாள் நானும் உடன் போனேன். கரையிலே அமர்ந்திருந்தேன். அவர் இடுப்பளவு நீரிலே நின்று, குழந்தையின் வயிற்றின் கீழே உள்ளங்கையை வைத்து, "காலை அடி, காலை அடி" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.